காத்திருக்காத அவரை

எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டத்து வீரவநல்லூர் பக்கம். புறவாசலில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை. நடுவில் ஒரு சென்ட் அளவுக்கு வெறும் இடம். 2020 மாசியில் அந்த இடத்தில் அவரை போட்டேன். விதைக் கடையில் கேட்டு வாங்கியது செடியவரை. பொட்டலத்தின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எல்லாம் முளைத்தது, நன்றாகவும் வளர்ந்தது. ஊரடங்கு வந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால் காலையும் மாலையும் அதன் பக்கத்திலேயே நின்றேன். முப்பது நாளில் கொடி வீச ஆரம்பித்தது. சித்திரையில் முருங்கையைப் பிடித்தது, ஆனியில் முருங்கையை மூடியது. பூ மட்டும் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏ ராசா, இது செடியவரை இல்லடே, கொடி. நீ மாசியில போட்டாலும் ஆடியில போட்டாலும் இது கார்த்திகைக்குத்தான் பூக்கும். அதுவரைக்கும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

ஐப்பசி கடைசியில் முதல் பூங்கொத்து வந்தது. மார்கழியில் கூடை கூடையாகக் காய்த்தது. ஆச்சி சொன்னதில் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

கொடியவரை பூக்க வேண்டுமானால் இரவு நீள வேண்டும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிக்கும் குறைவான தள்ளலில் இருக்கிறது. ஆனி மாதத்தில் நமக்குப் பகல் 12½ மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மார்கழியில் 11½ மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை, அவரைக் கொடிக்குத் தெரிகிறது. செடிகள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920இல் எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது ஒரு புகையிலைச் செடி. கோடை முழுக்க மரம் மாதிரி வளர்ந்துகொண்டே இருந்த அது, பகல் சுருங்கிய பிறகுதான் பூத்தது. என் முருங்கையில் ஏறிய அவரையும் அதே சாதி.

செடியவரை அப்படி இல்லை. குத்தவரை என்றும் சொல்வார்கள். பகல் நீளம் என்னவாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. முளைத்து இத்தனை நாள் ஆயிற்றா, இத்தனை கணு விட்டாயிற்றா, சரி, பூக்கலாம் என்று பூத்துவிடும். பிறகு எனக்குக் கிடைத்த அர்கா ஜெய் என்ற செடியவரை ரகம் பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ வரிசையில் செடியவரை ரகங்கள் கொடுத்திருக்கிறது. இந்த ரகங்களைத் தையிலும் போடலாம், மாசியிலும் போடலாம். பங்குனி, சித்திரையில், சந்தையில் கொடியவரை ஓய்ந்துபோன நேரத்தில், வீட்டில் காய் இருக்கும்.

இந்த ரகங்களைப் பற்றிப் படித்தபோது கொடியவரையைவிட எளிதான பயிர் என்றுதான் நினைத்தேன். ஆடியில் போட்ட கொடியவரையின் குழந்தைப் பருவத்தில் எந்தச் சேதம் வந்தாலும் அதற்கு நாலு மாதம் இருக்கிறது. நுனியை ஆடு கடித்தாலும் பக்கக் கிளை விடும். பத்து நாள் தண்ணீர் இல்லாமல் வாடினாலும் மழை வந்ததும் எழுந்துகொள்ளும். கார்த்திகை வரும்வரை உடம்பைத் தேற்றிக்கொள்ள நேரம் உண்டு. செடியவரைக்கு அந்த நாலு மாதம் கிடையாது. என் கணக்கில் அது நாற்பது நாளில் பூக்கிறது. அந்த நாற்பதில் முதல் பத்து நாளை நான் கெடுத்துவிட்டால், மீதி முப்பது நாளில் வளர்ந்த உடம்போடு அது பூத்துவிடும். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

முதல் வருடம், 2021. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது விதை போட்டேன். மார்கழி முடியப் போகிறது, மழைக்காலம் போயாச்சு என்று நினைத்தேன். அந்தப் பொங்கலை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். பருவம் தப்பி மழை கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறந்துவிட்டார்கள். தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோவில் தண்ணீருக்குள் போனது. எங்கள் வாசலில் பொங்கல் பானைக்கு மேல் தார்ப்பாய் கட்டித்தான் பொங்கல் விட்டோம். பத்து நாள் கழித்துக் குழியைக் கிளறிப் பார்த்தால் விதை இருந்த இடத்தில் வெள்ளைப் பசை மாதிரி ஒன்று இருந்தது. மோந்து பார்த்தால் புளித்த வாடை.

நம் ஊரில் தையில் விதை முளைக்காமல் போவதற்குக் குளிர் காரணம் இல்லை. ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை, அவரைக்கு அது போதும். காரணம் ஈரம். பிசான நெற்பயிருக்காகக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கிணற்றில் அப்போது கையை விட்டுத் தொடுகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மேல் மண் காய்ந்த மாதிரி இருந்தாலும் நாலு விரல் ஆழத்தில் களியாக இருக்கும். அந்த மண்ணில் காற்றே இருக்காது. விதை மூச்சு முட்டி அழுகிவிடும். இப்போது நான் காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கிறேன். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடித்துவிட்டு விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழைக்குப் பிறகு எங்கள் புறவாசல் மண் அப்படி உதிர்வதற்குத் தை கடைசி ஆகிவிட்டது. அதனால் 2024 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில்தான் விதைத்தேன்.

சரி, ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது. மாசி பாதிக்கு மேல் போட்டால் பூ வருகிற நேரம் பங்குனி கடைசி, சித்திரை. அந்த வெயிலில் பூ வரும், ஆனால் தங்காது. காலையில் செடிக்குக் கீழே வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் பாதிக் காயையாவது பறித்துவிட வேண்டும் என்று பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வந்தால், தை 20இலிருந்து மாசி 10 வரை என்று ஒரு இருபது நாள் கிடைக்கிறது. எங்கள் மண்ணுக்கு இது. மானூர்ப் பக்கத்துக் கரிசலில் ஈரம் இன்னும் நாள் பிடித்து நிற்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் பொங்கல் முடிந்த கையோடு போட்டுவிடலாம், தண்ணீர்தான் இரண்டு வேளை கேட்கும்.

இனி, அதே 2021இல் நான் செய்த இரண்டாவது தவறு. விதை அழுகிப் போனதால், இந்த முறை பத்திரமாக முளைக்க வைக்கிறேன் என்று பேப்பர் கப்பில் தென்னை நார்க்கழிவு போட்டு வீட்டுக்குள் தார்சா என்கிற முன்கூடத்து ஜன்னலில் வைத்தேன். நான்கு நாளில் முளை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஜன்னல் வெளிச்சம் போதாமல் தண்டு நூல் மாதிரி நீண்டு வெளிச்சம் வந்த பக்கம் சாய்ந்தது. பதினைந்தாம் நாள் வெளியே கொண்டுபோய் நட்டேன். முதல் நாள் மத்தியானத்திலேயே இலை ஓரம் வெந்தது. கப்பிலிருந்து எடுத்தபோது ஆணிவேர் அடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன், அதை நிமிர்த்திவிடப் போய்ப் பாதி ஒடிந்தது. அவரைக்கு ஆணிவேர்தான் உயிர். பிறகு பத்து நாள் செடிகள் அசையாமல் நின்றன. சாகவும் இல்லை, ஒரு இலை கூடவும் இல்லை. பதினோராம் நாள் அசைவு தெரிந்தது, பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு சாண் உயரத்தில் பூங்கொத்து! ஒரு செடிக்கு நாலு காய், ஐந்து காய். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

"பிஞ்சிலே பழுத்தது" என்று என் மனைவி சொன்னாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. 2022 மாசி முதல் வாரத்தில் ஒரே நாளில், ஒரே பொட்டலத்திலிருந்து பத்து விதையை நேரடியாகக் குழியிலும் பத்து விதையைக் கப்பிலும் போட்டேன். கப்புகளை இந்த முறை வெளியிலேயே, வெயில் படும் இடத்திலேயே வைத்தேன். பதினைந்தாம் நாள் வேர் உடையாமல் கப்பைக் கிழித்து நட்டேன். தேதி போட்டு நோட்டில் எழுதி வந்தேன். நேரடியாகப் போட்டதில் முதல் பூ 41ஆம் நாள். கப்பிலிருந்து மாற்றியதில் முதல் பூ 44ஆம் நாள். மூன்று நாள்தான் வித்தியாசம். ஆனால் அந்த நாளில் நேரடிச் செடி முழங்காலுக்கு மேல் நின்றது, ஆறேழு கிளை விட்டிருந்தது. மாற்றி நட்டது அதில் பாதி உயரம், இரண்டு மூன்று கிளை. பறித்த காயை அடுப்படித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நேரடிச் செடிகள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட மற்றவை கொடுக்கவில்லை.

வேர் பட்ட அதிர்ச்சிக்காகப் பூக்கும் நாள் தள்ளிப் போகவில்லை. தள்ளிப் போகும் என்று நம்பித்தான் நான் அதுவரை எல்லாம் செய்துகொண்டிருந்தேன். தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு நாற்று விட்டு நடுவது சரிதான், அவை பல வாரம் தொடர்ந்து கிளை விட்டுக் காய்ப்பவை. செடியவரைக்கு அந்த வழி வேண்டாம். அது எந்த இடத்தில் நின்று காய்க்கப் போகிறதோ அந்த இடத்திலேயே விதை விழ வேண்டும். தொட்டி என்றாலும் இதேதான். சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டி என்று படிப்படியாக மாற்றாதீர்கள். ஒரு அடிக்குக் குறையாத ஆழம் உள்ள தொட்டியில் முதல் நாளே போடுங்கள்.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

விதைக்க இரண்டு வாரம் முன்னால், இரண்டடிக்கு ஒரு வரிசை, வரிசையில் ஒரு அடிக்கு ஒரு குழி என்று தோண்டி, மண்ணைப் பொலபொலப்பாக்கி, நன்றாக மக்கிய எரு இரண்டு கை கலந்து மூடிவிடுவேன். தண்ணீர் தேங்காதபடி குழி இருக்கும் இடம் பாத்தியைவிட நாலு விரல் மேடாக இருக்கும். எரு புதுசாக இருக்கவே கூடாது. ஒரு வருடம் தொழுவத்திலிருந்து நேராக அள்ளி வந்து போட்டேன். முளைத்த வேர் அதைத் தொட்டதும் கருகியது. தப்பிய செடிகள் கரும்பச்சையாக, வெற்றிலை மாதிரி அகல இலையோடு வளர்ந்தன, ஆனால் பூங்கொத்து இரண்டுதான். அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெரும்பாலும் வேர் முடிச்சில் தானே தயாரித்துக்கொள்ளும். நாம் யூரியாவும் பச்சைச் சாணமும் கொடுத்தால் அந்த வேலையை விட்டுவிட்டு இலையாகத் தள்ளும்.

விதையை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, ஐந்தாம் நாள் எட்டு விதையாவது முளைத்திருந்தால்தான் பொட்டலத்தை நம்புவேன். ஊறவைப்பதில் எனக்கு அனுபவம் கசப்பு. மொச்சை ஊறவைக்கிற நினைப்பில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதையும் போட்டேன், ஒன்றும் வரவில்லை. இப்போது ஊறவைப்பதே இல்லை. பதிலாக முந்தின நாள் மாலை குழிக்குத் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்கி வைக்கிறேன். விதை தனக்கு வேண்டிய ஈரத்தை அங்கிருந்து மெதுவாக எடுத்துக்கொள்ளும்.

விதைக்கும் நாளுக்கு முன் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையின் பொடியை விதையில் பிரட்டி வைப்பேன். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு அது ஒரு சிட்டிகை. மண்ணில் இருக்கிற பித்தியம் மாதிரிப் பூஞ்சைகள் முளைத்த குருத்தின் கழுத்தில் இறங்கிச் சாய்த்துவிடும், நாற்றழுகல் என்பது அதுதான். அதற்கு இது காவல். விதைக்கும் அன்று காலை, ஆறிய சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டியில் ரைசோபியம் என்ற, வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துவேன். வெயிலில் வைத்தால் அந்த நுண்ணுயிர் செத்துப் போகும். அது வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு. மூன்று நாலு வாரம் கழித்து, வேண்டாத ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

ஆழம் ஒரு விரல்கணு. அதற்கு மேல் வேண்டாம். அவரை முளைக்கும்போது பருப்பு இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டுதான் மேலே வரும். முதல் வருடம் நான் நடுவிரல் முழுக்க உள்ளே போகிற மாதிரிக் குழி போட்டதைப் பார்த்து ஆச்சி, "இம்புட்டு ஆழத்துல புதைச்சா அது எந்திரிச்சு வாரதுக்குள்ள சீவன் போயிரும்லா" என்றாள். குழிக்கு இரண்டு விதை, இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. விதையின் ஓரத்தில் வெள்ளையாக நீண்டு இருக்கும் கண் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைப்பேன். மேலே மண்ணைத் தூவி உள்ளங்கையால் பைய அழுத்தினால் போதும். முளை வரும்வரை தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. கை பரபரக்கும். மேல் மண் ரொம்பக் காய்ந்தால் பூவாளியில் லேசாகத் தெளிப்பேன். குடத்தில் ஊற்றினால் மேல் மண் அடை மாதிரி இறுகி முளை முட்டிக்கொண்டு நிற்கும்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் முளை தெரியும். அன்றிலிருந்து மூன்று வாரம்தான் எனக்கு முக்கியம். வருடத்தில் வேறு எந்த நேரத்திலும் நான் புறவாசலில் இவ்வளவு நேரம் நிற்பதில்லை. வேலை திருநெல்வேலியில். செங்கோட்டை ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஐந்தரைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நத்தையும் வெட்டுப்புழுவும் அந்த நேரத்தில்தான் இலையில் இருக்கும். விடிந்துவிட்டால் கடித்த தடம்தான் மிஞ்சும். கையால் பொறுக்கி எடுப்பதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

மயிலும் அணிலும் தனிக் கதை. மாசியில் பிசான அறுப்பு தொடங்கியதும் வயலில் இருந்த மயில்கள் வீட்டுப் பக்கம் வரும். அவரை முளையின் அந்தப் பருப்புத் தலை மயிலுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒரே காலையில் பதினாறு முளை போன அன்று தெரிந்துகொண்டேன். தலை போன தண்டு மறுபடி துளிர்க்காது. முதலில் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். மயில் தொடவில்லை, ஆனால் பதினொரு மணி வெயிலில் பாட்டிலுக்குள் ஆவி கட்டி ஆறு செடி வெந்து போயின. இப்போது கம்பியை வளைத்து, அதன் மேல் பழைய கொசுவலையைப் போட்டு, ஓரத்தில் செங்கல் வைக்கிறேன். காற்றும் வெளிச்சமும் போகும். செடி வலையை முட்டும் வரை, ஏறக்குறைய இருபது நாள், அது அப்படியே இருக்கும்.

வெயில் விஷயத்தில் நான் மனதை மாற்றிக்கொண்டேன். பிஞ்சுச் செடிக்கு நிழல் வேண்டும் என்று ஆரம்பத்தில் தென்னங்கீற்றால் மூடினேன், நூலாக நீண்டது. வெளியில் முளைத்த செடி முதல் நாளிலிருந்தே வெயிலைப் பழகிக்கொள்கிறது. காலை வெயில் தடையில்லாமல் விழ வேண்டும். தை கடைசியில் போட்டதற்கு நான் நிழலே கொடுப்பதில்லை. மாசியில் போட்டதற்கு மட்டும் மேற்குப் பக்கம் ஒரு பனையோலையைச் சாய்த்து நட்டு வைக்கிறேன், முதல் பத்து நாளுக்கு மட்டும்.

தண்ணீர் காலையில் மட்டும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்தப் பனியில் இலை நனைந்து நிற்கும் காலத்தில் மாலையில் தண்ணீர் தெளித்தால் ராத்திரி முழுக்கச் செடி ஈரத்தில் நிற்கும், பூஞ்சைக்கு அதுதான் கொண்டாட்டம்.

இரண்டு நிஜ இலை விரிந்ததும் குழிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுவேன். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் சேர்ந்து அசையும். வெட்ட மனசு வராது, தெரியும். நானும் ஒரு வருடம் இரண்டையும் விட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து கொடுத்தது ஒற்றைச் செடி கொடுத்த அளவுதான், அசுவினிப் பூச்சி மட்டும் இரண்டு மடங்கு. நுனி கிள்ளுவதும் வேண்டாம். கொடியவரைக்குக் கிள்ளினால் கிளை பெருகும். இதற்குக் கிள்ளினால், கிளை வளர்வதற்குள் பூக்கும் நாள் வந்துவிடும்.

பூ வைக்கிற நேரத்தில் அசுவினி வரும், நுனியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், எறும்பு வந்தால் இரண்டு நாளில் அசுவினி தெரியும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவேன். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் இறங்கின பிறகு அடித்து, இலை காயும்படி ஆறு மணிக்குள் முடித்துவிடுவேன். பொறிவண்டு நிறைய இருந்தால் அதுகூட அடிப்பதில்லை, அவை தின்று தீர்க்கும். இலையில் மஞ்சள் தேமல் படர்ந்தால் அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும், மருந்தால் மாறாது.

எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாகப் போடுகிறேன். இந்தச் செடி ஒரே மூச்சில் காய்த்துவிட்டு ஓய்ந்து போகும், முதல் பாத்தி ஓயும்போது இரண்டாவது தொடங்கும். முதல் தடவை ஏதாவது தவறிப் போனால் அதே செடியைத் தேற்றுவதில் நான் இப்போது நாள் கடத்துவதில்லை. பத்தாம் நாள் சரியில்லாமல் நிற்கிற செடியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புது விதை போடுகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் அதிகக் காய் தருகிறது.

கொடியவரையை நான் விட்டுவிடவில்லை. அதை ஆடியில் போடுகிறேன், பொங்கலுக்குச் சிறுகிழங்கோடு அந்தக் காய்தான் சமைக்கிறோம். அதில் ஒன்று கவனித்தேன். பஞ்சாயத்தில் எங்கள் தெருவுக்கு எல்.இ.டி. விளக்குப் போட்ட பிறகு, விளக்குப் பக்கம் படர்ந்த பாதிக் கொடி மற்ற பாதியைவிட மூன்று வாரம் பிந்திப் பூத்தது. ராத்திரி வெளிச்சத்தில் அதற்கு இரவு நீண்டது தெரியவில்லை. இப்போது பந்தலைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டேன். விளக்கடியில் செடியவரை நிற்கிறது, அதற்கு எந்த வித்தியாசமும் இல்லை.

போன பங்குனியில் கூட்டாஞ்சோற்றுக்கு ஆச்சிக்கு ஒரு படி காய் கொடுத்தேன். வாங்கி உடைத்துப் பார்த்துவிட்டு, "பங்குனியில அவரைக்கா! எங்க அம்மை காலத்துல யாரும் கண்டதில்ல. எனக்கும் பத்து வெத தாடே" என்றாள். முதுகெலும்பு நிமிராத வயதில் அவளே குழி எடுத்தாள். நான் விரல்கணு ஆழம் காட்டப் போக, "எனக்கே சொல்லுதியா?" என்று கையைத் தட்டிவிட்டாள். அவள் போட்ட பத்தில் ஒன்பது முளைத்தது.

இந்த வருடத்துக்கு என் செடியவரையிலிருந்தே விதை எடுத்து, சாம்பலில் பிரட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன். தேனீ வந்து போவதால் கொடியவரையோடு கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று, பந்தலுக்குத் தூரத்தில் நின்ற செடிகளில் மட்டும் எடுத்தேன். நேற்று மண்ணைப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன், உதிர்ந்தது. இன்று சாயங்காலம் குழிக்குத் தண்ணீர் விட்டாயிற்று. கொசுவலையை ஆச்சி தைத்துக் கொடுத்துவிட்டாள். நாளைக் காலை ரயிலுக்கு முன்னால் முதல் வரிசை.